உப்போடை ஸ்கேன் சென்டர்

உப்போடையில் மினி பஸ் வந்து மூச்சு வாங்கித் திரும்புகிற இடத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒற்றை அறையில், பழைய போட்டோக்களையும் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற கடை ஒன்றை போதும்பொண்ணு திறந்தாள். நல்ல நாள் பார்த்துத்தான் திறந்தாள், எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் திறந்தாள். ஆனால் போர்டு எழுத வந்த பெயின்டர், 'பழைய புகைப்படங்கள், பத்திரங்கள், சான்றிதழ்கள் ஸ்கேன் செய்து தரப்படும்' என்று அவள் எழுதிக் கொடுத்த சீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இத்தனை எழுத்துக்குத் தகரம் காணாது என்று தன் போக்கில் முடிவு செய்து, 'உப்போடை ஸ்கேன் சென்டர்' என்று சிவப்பில் கொழுக்கக் கொழுக்க எழுதி, இடம் மிஞ்சிவிட்டதே என்று ஓரத்தில் ஒரு கிளியையும் வரைந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்கேன் என்றால் நம் பக்கம் ஒன்றே ஒன்றுதான் அர்த்தம். வயிற்றில் பசையைத் தடவி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மறுநாள் காலை கடையைத் திறக்க வந்தவள், பிள்ளைத்தாய்ச்சிகளும் கல்லடைப்புக்காரர்களுமாக ஒரு கூட்டம், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்து வாசலில் நிற்பதைக் கண்டாள். இது காகிதத்துக்கு எடுக்கிற ஸ்கேன், வயிற்றுக்கு இல்லை என்று தொண்டை வற்றச் சொன்னாள். நம்பியவர்கள் அவசர அவசரமாக ஓடினார்கள், நம்பாதவர்கள் பெரிய டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார்கள். மருந்துக் கடை சீனியப்பன், எதற்கும் இருக்கட்டும், பின்னால் ஒரு பேச்சு வரக் கூடாது என்று, ஸ்கேன் சென்டர் எல்லாவற்றிலும் மாட்டியிருக்குமே, 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது' என்கிற பலகை, அதில் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து ஆணியடித்து மாட்டியும் விட்டார். போதும்பொண்ணு அதைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்த பிறகு அன்றைக்கு முழுவதும் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

அதற்குக் காரணம் அவள் பெயர். மூன்று பெண்களுக்குப் பின் நான்காவதாகவும் பெண்ணாகப் பிறந்தவள் அவள். அந்தப் பக்கத்தில் அப்படிப் பிறந்தால் போதும்பொண்ணு என்று பெயர் வைத்துவிடுவார்கள், கடவுளுக்குக் கணக்கு மறந்துவிட்டதோ என்று ஞாபகப்படுத்துகிற மாதிரி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டு நிறுத்தி, போதுமா என்பார், வகுப்பு சிரிக்கும். கல்யாணப் பந்தியில் யாராவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், சாம்பார் வாளியோடு வருகிறவன் அடுத்த இலைக்குத் தாண்டிப் போய்விடுவான். இதையெல்லாம் அவள் மற்றவர்களுக்கு முன்பாகவே சிரித்துச் சமாளிக்கப் பழகியிருந்தாள். ஆனால் கோயம்புத்தூரில் வேலைக்குப் போயிருக்கிற மகள் நித்திலா, ஆபீஸ் பாரத்தில் தாயார் பெயர் எழுதியபோது பக்கத்தில் இருந்தவர்கள் அர்த்தம் கேட்டார்கள் என்றும், தான் சொல்லத் தெரியாமல் முழித்ததாகவும் போனில் மெதுவாகச் சொன்னபோது, அந்தச் சிரிப்பு அவளுக்கு வரவில்லை. அரசிதழில் பெயரை மாற்றிக்கொள்ள விண்ணப்பம் தயார் செய்தாள். பூரணி என்பது புதுப் பெயர். அதற்கு வேண்டிய காகிதங்களை எல்லாம் அவளே ஸ்கேன் செய்து ஏற்றினாள், ஏற்றினாள், ஏற்றி முடித்துவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தாமல் வைத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் கீழத்தெரு குருவம்மா வந்தாள். அவள் புருஷன் கத்தாரில் இருந்தான். பகலெல்லாம் வயிறு எரிகிறது, ராவெல்லாம் வயிறு எரிகிறது என்று போனில் புலம்புகிறவனை, அத்தனை தூரத்திலிருந்து கூட்டிவந்து ஸ்கேன் எடுக்க ஏலுமா, அதனால் அவன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவைக் கொண்டுவந்திருப்பதாகவும் அதை வைத்துப் பார்த்தால் போதும் என்றும் சொன்னாள். இது அப்படியில்லை குருவம்மா என்று போதும்பொண்ணு எடுத்துச் சொல்ல, குருவம்மா கண் கலங்க, கண் கலங்குகிறவளிடம் எவ்வளவு நேரம் நியாயம் பேசுவது என்று அவள் போட்டோவை வாங்கிக் கண்ணாடியில் கவிழ்த்து மூடியைச் சாத்தினாள். வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஊர்ந்து போனது. மெஷினுக்கும் காது இருந்திருக்க வேண்டும், ஊரே ஸ்கேன் ஸ்கேன் என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு, தன் வேலை அதுதான் என்று அதுவும் தீர்மானித்துவிட்டது. திரையில் குருவம்மாவின் புருஷன் நீலச் சட்டையோடு வந்தான், நீலச் சட்டைக்குள்ளே, வயிறு இருக்கிற இடத்தில், நல்ல விறகு போட்டு மூட்டிய அடுப்புத் தீ எரிந்துகொண்டிருந்தது.

குருவம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, இது காரம் தின்று வந்த எரிச்சல் இல்லை, இது வேறு எரிச்சல் என்று சரியாகச் சொல்லி, அங்கிருந்தபடியே புருஷனுக்குப் போன் போட்டு, யார் மேல் என்று கேட்டாள். அவன் முதலில் சீறினான், பிறகு முனகினான், பிறகு தம்பி ஊரில் மாடி எடுத்துக் கட்டியதைப் பற்றி ஒரு பாட்டம் பேசித் தீர்த்தான். பேசி முடித்ததும் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினானாம். அவ்வளவுதான், ஒரு வாரத்தில் உப்போடை முழுக்கப் போட்டோ ஆல்பங்களோடு கடை வாசலில் நின்றது.

பத்திரங்களும் மதிப்பெண் சான்றிதழ்களும் எப்போதும் போலத்தான் வந்தன, வயிறு இல்லாத காகிதத்தில் மெஷின் என்னத்தைக் காட்டும். ஆனால் மனுஷர்கள் இருந்த படம் ஒன்றுகூட மெஷினுக்குத் தப்பவில்லை. கல்யாண ஆல்பத்தைப் பிரித்தால் மணமேடையில் பெண்ணின் அப்பன் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறான், அவன் வயிற்றுக்குள் ஒரு கை புளியைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. தாலி கட்டியதிலிருந்து பந்தி முடிகிறவரை அத்தனை படத்திலும் கரைக்கிறது, சாம்பார் பற்றாமல் போய்விடுமோ என்றுதான். விறைப்புக்குப் பேர்போன கணக்கு வாத்தியார் வேலவேந்தன் கல்லூரியில் படிக்கும்போது எடுத்த படத்தில், இஸ்திரி போட்ட சட்டைக்குள் வயிற்றைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருந்தது. அதைப் பார்த்த அவர் பெண்டாட்டி, இத்தனை வருஷம் சோற்றுத் தட்டில் ஒரு பருக்கை விடாத மனுஷனைக் கஞ்சன் என்று ஏசினோமே என்று அழுதாள். பரோட்டாக் கடை முத்தையா மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற படத்தில் நெஞ்சு நிறையக் கோட்டை இருந்தது, மதில், அகழி, யானை நுழைகிற வாசலோடு. அவர் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டிக்கொண்டார், கட்டாமல் போனாலும் நல்ல கோட்டைதான் என்றார்.

முதலில் சண்டைகளும் நடக்காமல் இல்லை. சம்பந்தி வீட்டு வயிற்றில் தீயைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா. சீர் தட்டுகள் திரும்பின, பேச்சு வார்த்தை நின்றது, ஒரு காதுகுத்தில் நாற்காலி பறந்தது. பிறகு பார்த்தால் தீ இல்லாத வயிறே ஊரில் இல்லை. அடுத்தவர் தீயைக் காட்டிக் கத்தியவர்களின் சொந்தப் படத்தை எடுத்துப் போட்டால் அங்கே இதைவிட உயரமாக எரிந்தது. அதனால் ஊரே ஒரு வழக்கத்துக்கு வந்து சேர்ந்தது. யார் சொல்லி வந்தது என்று யாருக்கும் தெரியாது. யார் வயிற்றில் தீயைப் பார்த்தாலும், பார்த்தவர் அவர் வீட்டுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு எதைப் பற்றியும் கேட்காமல் திரும்ப வேண்டும். மோர் குடித்தவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே சொல்லிவிட்டார்கள். வரன் பார்க்கிறவர்கள் ஜாதகத்தோடு ஸ்கேன் எடுத்த படமும் கேட்டார்கள், ஆபீஸ்களில் வயிற்றில் புளியோடு வருகிற படத்தைத் திருப்பி அனுப்பாமல் வாங்கி வைத்துக்கொள்ளப் பழகினார்கள். சீனியப்பன் கடையில் நெஞ்சு கரிப்பு மாத்திரை அவ்வளவாகப் போகவில்லை, அவர் அதற்கும் வருத்தப்படாமல் வாசலில் மோர் விற்றார்.

போதும்பொண்ணு எல்லார் வயிற்றையும் பார்த்தாள், ஒரே ஒரு படத்தை மட்டும் கண்ணாடியில் வைக்கவில்லை. அது அவள் பிறந்த சில மாதத்தில் ஸ்டூடியோவில் எடுத்தது. அப்பா சங்கிலி பின்னால் நிற்க, அம்மா வெயிலுகந்தாள் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் அவளை வைத்திருக்கிற படம். அக்காமார் மூன்று பேரும் அதில் இல்லை. அந்தப் படம், அம்மா இருக்கிற இரண்டாவது அக்கா வீட்டில், பீரோவுக்கு மேல் இருந்தது. போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள், எடுத்துத் தா என்று ஒருநாளும் கேட்க மாட்டாள். நான்காவதும் பெண் என்று கையில் கொடுத்தபோது பெற்றவளுக்கு வயிறு எரிந்திருக்குமா, எரியாமல் இருந்திருக்குமா. இத்தனை நாள் எரிந்திருக்காது என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம் இருந்தது. இந்த மெஷின் அந்த இடத்தையும் அடைத்துவிட்டால் பிறகு எங்கே போவது என்று அவளுக்குப் பயமாக இருந்தது, வெறும் பயம்தான், வேறு பெயர் இல்லை அதற்கு. எரிகிற தீயை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அம்மா கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது என்று நினைத்தாள். பார்க்காமலேயே பெயரை மாற்றிக்கொண்டு போய்விடுவது உத்தமம் என்றும் நினைத்தாள்.

அவள் பெயரை மாற்றப் போகிற சேதி அக்கா வழியாக அம்மாவுக்குப் போயிற்று. மறுநாள் உச்சி வெயிலில் மினி பஸ்ஸிலிருந்து வெயிலுகந்தாள் இறங்கினாள். கையில் மஞ்சப்பை. வரிசையில் நின்றவர்களைப் பார்க்கவில்லை, கிளி போட்ட போர்டைப் பார்க்கவில்லை, நேரே உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதை வச்சுப் பாரு."

போதும்பொண்ணு வேண்டாம் என்றாள். கூட்டமாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றாள். மெஷின் சூடாகிவிட்டது என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்தாற்போல் வாசலை விட்டு நகர்ந்து, பரோட்டாக் கடை நிழலில் போய் நின்றார்கள். சீனியப்பன் ஒரு சொம்பில் மோரை ஊற்றித் தயாராகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் பயமில்லைன்னு நெனச்சியா?" என்றாள் வெயிலுகந்தாள். "அன்னைக்கு என் வயித்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கே ஞாபகமில்லடி. பாவம் நாலாவதும் பொண்ணு, அதான் வெறுத்துப் போயி பேரு வச்சுட்டான்னு ஊருல எல்லாரும் சொன்னாங்க. சொல்லிச் சொல்லி நானும் அப்படித்தான் போலன்னு நம்பிட்டேன். எரிஞ்சா எரிஞ்சதுன்னு பார்த்துட்டுப் போயிடுவோம். பார்க்காம நீ பேரை மாத்திட்டேன்னா, எனக்குச் சாகுற வரைக்கும் தெரியாமலே போயிரும்."

போதும்பொண்ணு மேஜைப் பக்கம் கையை நீட்டினாள். படத்தை எடுத்தாள், பின்பக்கத் தூசியைச் சேலையில் துடைத்தாள், கண்ணாடியில் கவிழ்த்தாள், மூடியைச் சாத்தினாள். வெளிச்சம் ஊர ஆரம்பித்தது. திரையில் படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, முதலில் ஸ்டூடியோத் திரையில் வரைந்த தென்னை மரம், பிறகு அப்பாவின் படிய வாரிய தலை, பிறகு மிரண்ட கண், பிறகு பொத்தான் எல்லாம் போட்ட சட்டை, சட்டைக்குள் புளி. எந்தக் கல்யாண ஆல்பத்திலும் பார்க்காத வேகத்தில் புளி கரைந்துகொண்டிருந்தது. அப்பா வயிற்றில் புளி என்று போதும்பொண்ணு சொன்னதும், தன் அம்மாக்காரிக்குப் பயந்த மனுஷன், பாவம், இன்னைக்கு வீட்டுக்குப் போனா இருக்குன்னு நின்னிருப்பாரு என்று வெயிலுகந்தாள் முணுமுணுத்தாள். பிறகு அவளுடைய நெற்றி வந்தது, மூக்குத்தி வந்தது, கழுத்து வந்தது. மெஷின் எப்போதும் அந்த வேகத்தில்தான் போகும், அன்றைக்கு அது நகர்வதாகவே தெரியவில்லை. மடியில் இருந்த பிள்ளையின் தலை வந்தது. பிள்ளையின் குட்டி வயிறு வந்தது, அதில் பால் இருந்தது, படம் எடுக்கிற நேரத்தில் அழக் கூடாதென்று கொடுத்த பாலாக இருக்கும். பிள்ளைக்குப் பின்னால் அம்மாவின் வயிறு வந்தது.

தீ இல்லை. புளி இல்லை, ஈரத்துணி இல்லை. அங்கேயும் பால்தான் இருந்தது. நிறைந்து, விளிம்பில் தளும்பி, அப்போதுதான் யாரோ நிதானமாக வார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

உப்போடையில் அதுவரை யாருமே ஒரு பெரிய மனுஷ வயிற்றில் பாலைப் பார்த்ததில்லை. வயிற்றில் பாலை வார்த்த நேரத்தில் யார் போய் போட்டோவுக்கு நின்றார்கள். போதும்பொண்ணு திரையில் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவள் திரையைப் பார்க்காமல் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலின் விளிம்பை இறுக்கிக்கொண்டு.

"என்னட்டி இருக்கு?"

"பாலும்மா."

"பிள்ளை வயித்துல கேக்கல. என் வயித்துல."

"உன் வயித்துலதாம்மா. நெறைய."

வெயிலுகந்தாள் மூச்சை விட்டாள். அந்த மூச்சோடு வேறு ஏதோவும் சேர்ந்து வெளியே வந்தது, அவள் தோள் தாழ்ந்தது, முகம் மாறியது. அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிட்டதில் எதை முதலில் சொல்வது என்று தடுமாறி, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஆரம்பித்தாள். பிரசவம் மோசமாகப் போயிற்று, தாயோ பிள்ளையோ ஒருத்தர்தான் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள், கடைசியில் இரண்டு பேரும் பிழைத்துக் கிடந்தார்கள். மாமியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்ததாவது பையனாகப் பிறக்கட்டும், வருஷம் திரும்பட்டும் என்றாள். கூட வந்த சொந்தங்களும் அதையே சொன்னார்கள். பிறகு வீட்டில், தெருவில், கிணற்றடியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அடுத்தது அடுத்தது என்றார்கள். அதுவரை மாமியார் முன்னால் வாய் திறந்தறியாதவள் அவள்.

"அவங்ககிட்டப் போதும்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் உனக்குப் பேரா வச்சுட்டேன். உன்னை ஒவ்வொரு தடவை கூப்பிடுறப்பவும் அவங்க காதுல விழணும்ல? உன்னைக் கூப்பிட்டே வாயை அடைச்சேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் அடுத்ததுன்னு கேக்கல." பிறகு, யாரோ கேட்டதுபோல, "படம் எடுக்கணும்னு நான்தான் உங்கப்பனை இழுத்துட்டுப் போனேன். அவரு முழிய பார்த்தேல்ல," என்றும் சொன்னாள்.

போதும்பொண்ணு அழுதாள். கடை வைத்த பிறகு எத்தனையோ பேர் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறாள், அழுகை இவ்வளவு லேசாக வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பரோட்டாக் கடை நிழலில் நின்றவர்கள் சத்தம் கேட்டுத் தயங்கினார்கள், சீனியப்பன் மோரோடு வந்து எட்டிப் பார்த்தார், திரையில் இருப்பதைப் பார்த்தார், இதற்கு மோர் தேவைப்படாது என்று தானே குடித்துவிட்டுப் போனார். அப்புறம் எல்லாருமாக உள்ளே நெருக்கிக்கொண்டு வந்து பாலைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அவரவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் மூக்கைச் சிந்திவிட்டு மேஜைக்கு வந்தாள். பூரணி என்று போட்ட விண்ணப்பம் இன்னும் கம்ப்யூட்டரில் திறந்தபடியே கிடந்தது. அதை மூடினாள், மாற்றங்களைச் சேமிக்க வேண்டுமா என்று கேட்டது, வேண்டாம் என்று அழுத்தினாள். அடுத்ததாக, எல்லாப் படத்துக்கும் கேட்கிற மாதிரியே, இந்தப் படத்தை எந்தப் பெயரில் வைக்க என்று கேட்டது. அவள் எழுத்து எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தாள். எழுதப் படிக்கத் தெரியாத வெயிலுகந்தாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதுற?"

"பேரு."

"எந்தப் பேரு?"

"நீ வச்சது."

வெயிலுகந்தாள் தலையை ஆட்டினாள். "அப்ப முழுசா எழுது," என்றாள்.